நாவல் கொட்டையும் சர்க்கரை நோயும்

ஜூன் மாதம். மும்பையில் மழை தொடங்கிவிட்டது. ரயில் நிலையத்து வாசலில் கூடை கூடையாக நாவல் பழம் விற்கிறார்கள்.

தாராவியில் ஓர் அம்மா இருக்கிறார். வயது 52. பிறந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். தினமும் விடியற்காலை 3 மணிக்கு எழுந்து இட்லி அவிப்பார். மகன் அதைச் சைக்கிளில் கொண்டுபோய் விற்று வருவான். 6 ஆண்டுகளாக அந்த அம்மாவுக்குச் சர்க்கரை நோய். மருந்தகத்தில் கொடுத்த மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டு வந்தார்.

ஒருநாள் தெருவில் ஒருவர் பொட்டலம் விற்றுக்கொண்டு வந்தார்.

"நாவல் கொட்டைப் பொடிம்மா. ஒரு மண்டலம் சாப்பிடுங்க. சர்க்கரை ஓடிப் போயிரும். அப்புறம் மாத்திரையே வேண்டாம்" என்றார்.

ஒரு பொட்டலம் 300 ரூபாய். அம்மாவுக்கு மாத்திரை சாப்பிட்டு அலுத்துவிட்டது. "நாவல் பழம் நம்ம ஊர்ப் பழம்தானே. அது என்ன கெடுதல் பண்ணிரும்?" என்று நினைத்தார். பொட்டலத்தை வாங்கினார். மாத்திரையை நிறுத்தினார்.

2 மாதம் போனது. ஒருநாள் இட்லிக் கொப்பரையை இறக்கும்போது வெந்நீர் காலில் கொட்டியது. கட்டை விரலில் சின்னப் புண். 3 வாரம் ஆகியும் ஆறவில்லை. ஆனால் வலியும் பெரிதாகத் தெரியவில்லை. அதனால் அவர் கவலைப்படவில்லை. மகன்தான் பிடிவாதமாக மருந்தகத்துக்கு அழைத்துப் போனான்.

செவிலியர் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சோதித்தார். வெறும் வயிற்றில் சர்க்கரை 286.

"மாத்திரை சாப்பிடுறீங்களாம்மா?"

"இல்ல சிஸ்டர். நாவல் கொட்டைப் பொடி சாப்பிடுறேன். அதுவும் மருந்துதானே?"

நல்ல கேள்விதான். நாவல் கொட்டையில் மருந்து இருக்கிறதா, இல்லையா? இருந்தால் அந்த அம்மாவுக்கு ஏன் சர்க்கரை ஏறியது? பார்ப்போம்.

சர்க்கரை நோய் எப்படி வருகிறது?

நாம் சோறு சாப்பிடுகிறோம். இட்லி, சப்பாத்தி சாப்பிடுகிறோம். இவை குடலில் கரைந்து சர்க்கரையாக மாறுகின்றன. அந்தச் சர்க்கரை ரத்தத்தில் கலக்கிறது. உடம்பு வேலை செய்ய அதுதான் விறகு.

ஆனால் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை தசைக்குள் போக வேண்டும். அதற்கு ஒரு சாவி வேண்டும். அந்தச் சாவிதான் இன்சுலின். வயிற்றுக்குப் பின்னால் கணையம் என்ற உறுப்பு இருக்கிறது. அது இன்சுலினைச் சுரக்கிறது.

சிலருக்குக் கணையம் இன்சுலினைச் சுரப்பதே இல்லை. பெரும்பாலும் சிறு வயதிலேயே இது வரும். இவர்களுக்கு இன்சுலின் ஊசி கட்டாயம். ஊசியை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

பெரும்பாலோருக்கு வருவது வேறு வகை. சாவி இருக்கும். பூட்டு சரியாகத் திறக்காது. நாளாக ஆகச் சாவியும் குறைந்துபோகும். சர்க்கரை ரத்தத்திலேயே தங்கிவிடும். அது கண்ணைக் கெடுக்கும். சிறுநீரகத்தைக் கெடுக்கும். கால் நரம்பைக் கெடுக்கும். நரம்பு கெட்டால் காலில் உணர்ச்சி குறையும். புண் வந்தாலும் வலி தெரியாது. அந்த அம்மாவுக்கு வலி தெரியாமல் போனது இதனால்தான்.

2023ஆம் ஆண்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஓர் ஆய்வை வெளியிட்டது. நாடு முழுவதும் எடுத்த கணக்கு அது. இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமான பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்று அது சொல்கிறது. இன்னும் 13 கோடிக்கும் அதிகமான பேர் நோயின் வாசலில் நிற்கிறார்கள்.

ஊர் ஊராக நாவல்

நாவல் மரம் நம் நாடு முழுவதும் வளர்கிறது. தெலுங்கில் நேரேடு. கன்னடத்தில் நேரளே. மலையாளத்தில் ஞாவல். மராத்தியில் ஜாம்புள். இந்தியில் ஜாமுன். குலாப் ஜாமூன் என்ற இனிப்புக்குக்கூட இந்தப் பழத்தை வைத்துத்தான் பெயர் வந்தது. நம் நாட்டுக்கே நாவலந்தீவு என்று ஒரு பழைய பெயர் உண்டு.

சர்க்கரை நோயும் நமக்குப் புதிது அல்ல. சிறுநீர் இனிக்கும், அதில் எறும்பு மொய்க்கும் என்று பழைய வைத்தியர்கள் கண்டுபிடித்தார்கள். மதுமேகம் என்று பெயர் வைத்தார்கள். மது என்றால் தேன். சித்த வைத்தியத்திலும் ஆயுர்வேதத்திலும் யுனானியிலும் இந்த நோய்க்கு நாவல் கொட்டையைப் பயன்படுத்தினார்கள்.

இன்சுலினைக் கண்டுபிடித்தது 1921ஆம் ஆண்டு, கனடா நாட்டில். அதற்கு முன்பு ஐரோப்பிய மருத்துவர்கள்கூட நம் நாவல் கொட்டையை வாங்கி நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அப்போது அவர்களிடம் வேறு நல்ல மருந்து இல்லை. இன்சுலின் வந்ததும் அதை விட்டுவிட்டார்கள்.

கொட்டைக்குள் என்ன இருக்கிறது?

செடி கொடிகள் தம் உடம்பில் பலவிதப் பொருள்களைச் செய்கின்றன. பூச்சி கடிக்காமல் இருக்கச் சில. பறவையை அழைக்கச் சில. அந்தப் பொருள்களில் சில நம் உடம்பிலும் வேலை செய்யும்.

நாவல் பழம் தின்றால் நாக்கு ஊதாவாகிறது. அந்த நிறத்துக்குக் காரணம் ஆந்தோசயனின் என்ற பொருள். கொட்டையைக் கடித்தால் துவர்க்கிறது. அந்தத் துவர்ப்புக்குக் காரணம் டானின். கொட்டையில் எலாஜிக் அமிலம், ஜம்போலின் என்று வேறு பொருள்களும் இருக்கின்றன.

இவை என்ன செய்கின்றன? மாவுச்சத்து சர்க்கரையாக மாறுவதைத் தாமதப்படுத்துகின்றன. சோதனைக் குழாயில் இதைப் பார்த்திருக்கிறார்கள். சர்க்கரை நோய் உள்ள எலிகளுக்குக் கொட்டைச் சாறு கொடுத்தார்கள். எலிகளின் ரத்தத்தில் சர்க்கரை குறைந்தது. இந்தியாவிலேயே இப்படிப் பல ஆய்வுகள் நடந்திருக்கின்றன.

ஆகவே நாவல் கொட்டையில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. ஏதோ இருக்கிறது. ஆனால் கதை இத்தோடு முடியவில்லை.

எலிக்குக் கேட்டது மனிதருக்குக் கேட்குமா?

எலியின் உடம்பு வேறு. நம் உடம்பு வேறு. எலிக்குக் கொடுக்கும் அளவும் வேறு. ஆகவே மனிதர்களிடம் சோதித்துப் பார்க்க வேண்டும்.

அதை எப்படிச் செய்வார்கள்? நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவது போலப் பிரிப்பார்கள். ஒரு குழுவுக்குப் புதிய மருந்து. இன்னொரு குழுவுக்குத் தெரிந்த மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது. கொடுப்பவருக்கும் தெரியாது. கடைசியில் ரத்தத்தைச் சோதித்து எண்ணைப் பார்ப்பார்கள். எண் பொய் சொல்லாது.

பிரேசில் நாட்டிலும் நாவல் மரம் உண்டு. அங்கே மக்கள் நாவல் இலையைத் தேநீர் போலக் கொதிக்க வைத்துக் குடிக்கிறார்கள். சர்க்கரைக்கு நல்லது என்று நம்புகிறார்கள். அங்குள்ள மருத்துவர்கள் இதைச் சோதித்தார்கள். முடிவு 2006ஆம் ஆண்டு வெளியானது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்குச் சர்க்கரை குறைந்தது. இலைத் தேநீர் குடித்தவர்களுக்குக் குறையவில்லை.

இது இலைக்கு நடந்த சோதனை. கொட்டைக்கு நல்ல, பெரிய சோதனைகள் இன்னும் நடக்க வேண்டும். எந்த அளவு சாப்பிட வேண்டும், எத்தனை நாள் சாப்பிட வேண்டும், யாருக்கு ஆகாது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

பாகற்காயின் கதையும் இப்படித்தான். அதில் சரான்டின் என்ற பொருள் இருக்கிறது. தாய்லாந்தில் பாகற்காய்ப் பொடியைச் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2011ஆம் ஆண்டு வெளியானது. நாளைக்கு 2 கிராம் கொடுத்ததில் சர்க்கரை கொஞ்சம் குறைந்தது. ஆனால் மாத்திரை குறைத்த அளவுக்குக் குறையவில்லை. 2012ஆம் ஆண்டு பல ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். பாகற்காயை மருந்து என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்று முடிவு செய்தார்கள்.

செடியிலிருந்து வந்த மாத்திரை

"மாத்திரை எல்லாம் ரசாயனம். செடிதான் இயற்கை" என்று பலர் சொல்கிறார்கள். இங்கே ஒரு செய்தியைத் தெரிந்துகொள்ள வேண்டும். சர்க்கரை நோய்க்கு உலகம் முழுவதும் கொடுக்கும் மாத்திரை மெட்பார்மின். அந்த அம்மா நிறுத்திய மாத்திரையும் அதுதான். அதன் வேர் ஒரு செடியில் இருக்கிறது!

ஐரோப்பாவில் காலேகா என்று ஒரு செடி உண்டு. பழைய காலத்தில் அதை மருந்தாகப் பயன்படுத்தினார்கள். அந்தச் செடியில் சர்க்கரையைக் குறைக்கும் பொருள் இருந்தது. கூடவே நஞ்சும் இருந்தது. அதை நிறையத் தின்ற ஆடுகள் செத்தன. செடியில் இருந்த பொருளை மனிதர்களுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். சரிப்படவில்லை.

பிறகு அறிஞர்கள் அதே போன்ற, நஞ்சு குறைந்த ஒரு பொருளைச் செய்தார்கள். அதுதான் மெட்பார்மின். முதலில் செய்தது 1922ஆம் ஆண்டு. பிரான்ஸ் நாட்டு மருத்துவர் ழான் ஸ்டெர்ன் அதை நோயாளிகளுக்குக் கொடுத்து முடிவை வெளியிட்டது 1957ஆம் ஆண்டு. இடையில் 35 ஆண்டுகள்!

ஆப்பிள் மரத்தின் கதை இன்னும் நீளம். அதன் பட்டையிலிருந்து 1835ஆம் ஆண்டு ஒரு கசப்புப் பொருளைப் பிரித்தார்கள். அது சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளியது. ஆனால் வயிற்றுப்போக்கு வந்தது. அதைத் திருத்தித் திருத்திப் புதிய மாத்திரை செய்தார்கள். ஐரோப்பாவில் அதற்கு அனுமதி கிடைத்தது 2012ஆம் ஆண்டு.

இதிலிருந்து என்ன தெரிகிறது? செடியும் மாத்திரையும் பகையாளிகள் அல்ல. செடியில் இருக்கும் நல்லதைப் பிரிக்க வேண்டும். கெட்டதை நீக்க வேண்டும். அளவு பார்க்க வேண்டும். சோதிக்க வேண்டும். இவ்வளவும் முடிந்தால்தான் அது மாத்திரை. நாவல் கொட்டை இன்னும் பாதி வழியில் நிற்கிறது.

கசப்பு எல்லாம் மருந்தா?

"இயற்கைப் பொருள் கெடுதல் செய்யாது" என்பதும் சரியல்ல.

சர்க்கரை நோய்க்காகச் சிலர் காலையில் சுரைக்காய்ச் சாறு குடிக்கிறார்கள். 2010ஆம் ஆண்டு டில்லியில் ஒருவர் அப்படிக் குடித்தார். அன்று சாறு கசந்தது. கசப்பு நல்லதுதானே என்று குடித்துவிட்டார். வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தது. இறந்துபோனார். அதன்பின் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஒரு குழு அமைத்து ஆராய்ந்தது.

நல்ல சுரைக்காய் கசக்காது. சில காய்களில் குக்குர்பிடசின் என்ற நஞ்சு கூடிவிடும். அப்போது கசக்கும். ஆகவே சுரைக்காயை நறுக்கியதும் சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிடுங்கள். காயைக் குப்பையில் போடுங்கள். குடித்தபின் வாந்தி வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

பாகற்காயில் கசப்பு இயல்பு. சுரைக்காயில் கசப்பு ஆபத்து.

பொட்டலத்தைப் படியுங்கள்

மருந்தகத்தில் அந்தச் செவிலியர், "பொட்டலம் இருக்காம்மா?" என்று கேட்டார். அம்மா பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

"நீங்கதான் ராத்திரி வகுப்புல படிச்சீங்களே. நீங்களே படிங்க" என்றார் செவிலியர்.

அம்மா எழுத்துக் கூட்டிப் படித்தார். "சர்க்-க-ரை நோய்... முப்பது நாளில்... குணம்."

"வேற என்ன போட்டிருக்கு?"

அம்மா பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். செய்தவர் பெயர் இல்லை. முகவரி இல்லை. செய்த தேதி இல்லை. உள்ளே என்ன இருக்கிறது என்றும் இல்லை.

"ஒண்ணுமே இல்லயே சிஸ்டர்!"

"அப்போ உள்ள நாவல் கொட்டைதான் இருக்குன்னு எப்படிம்மா நம்புறது?"

அம்மாவால் பதில் சொல்ல முடியவில்லை.

இப்படிப்பட்ட பொடிகள் சிலவற்றில் மாத்திரையையே அரைத்துக் கலந்துவிடுகிறார்கள். அளவு தெரியாது. சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். சிலவற்றில் ஈயம் போன்ற நஞ்சும் இருந்திருக்கிறது.

சர்க்கரை நோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வது குற்றம். 1954ஆம் ஆண்டே இதற்குச் சட்டம் வந்துவிட்டது. அந்தச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் சர்க்கரை நோயும் இருக்கிறது. ஆகவே "30 நாளில் குணம்" என்று எழுதியிருந்தால் வாங்காதீர்கள்.

சித்த மருத்துவமோ ஆயுர்வேதமோ பார்க்க விரும்பினால், பதிவு பெற்ற மருத்துவரிடம் போங்கள். அரசு மருத்துவமனைகள் பலவற்றில் அவர்கள் இருக்கிறார்கள். முன்பே சாப்பிடும் மாத்திரையை அவரிடம் காட்டுங்கள். புதிதாகச் சாப்பிடும் பொடியை மாத்திரை கொடுத்த மருத்துவரிடமும் சொல்லுங்கள். மறைக்காதீர்கள்.

பழத்தைச் சாப்பிடலாமா?

தாராளமாகச் சாப்பிடலாம் என்று சொல்ல முடியாது. அளவாகச் சாப்பிடலாம். 100 கிராம் நாவல் பழத்தில் ஏறக்குறைய 14 கிராம் மாவுச்சத்தும் சர்க்கரையும் இருக்கின்றன. ஒரு கைப்பிடி பழம் போதும். உப்புத் தண்ணீரில் கழுவிச் சாப்பிடுங்கள். சாறாகப் பிழியாதீர்கள். பிழிந்தால் நார்ச்சத்து போய்விடும். சர்க்கரை சேர்க்கவே கூடாது.

பாகற்காயைக் கறியாகச் செய்து சாப்பிடுங்கள். நெல்லிக்காய், கொய்யாக்காய் அளவாகச் சாப்பிடலாம். சோற்றைக் குறைத்துக் காய் கீரையைக் கூட்டுங்கள். தினமும் அரை மணி நேரம் கை வீசி நடங்கள். இவை எல்லாம் மாத்திரைக்குத் துணை. மாத்திரைக்குப் பதில் அல்ல.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. இன்சுலின் போடுபவர்கள், சில வகை மாத்திரை சாப்பிடுபவர்கள் சாப்பாட்டைத் தள்ளிப் போட்டால் சர்க்கரை மிகவும் இறங்கிவிடும். கூடவே கண்ட பொடியையும் சாப்பிட்டால் ஆபத்து கூடும். வியர்க்கும். கை நடுங்கும். பசிக்கும். தலை சுற்றும். உடனே 3 தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.

எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள்

வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை 100க்குக் கீழே இருந்தால் சரி. 100 முதல் 125 வரை இருந்தால் நோயின் வாசலில் நிற்கிறோம். 126 அல்லது அதற்கு மேல் இருந்தால் மறுபடியும் சோதிக்க வேண்டும். அப்போதும் அப்படியே இருந்தால் சர்க்கரை நோய். 70க்குக் கீழே போனால் மிகவும் குறைவு. அதுவும் ஆபத்து.

30 வயதைத் தாண்டிய எல்லோரும் சோதித்துக்கொள்ள வேண்டும். அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாகச் சோதிக்கிறார்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம்

மருத்துவர் அந்த அம்மாவின் புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப் போட்டார். சில வாரங்களுக்கு இன்சுலின் ஊசியும் கொடுத்தார். "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா விரலையே எடுக்க வேண்டி வந்திருக்கும்" என்றார். அம்மா அழுதுவிட்டார்.

"அழாதீங்கம்மா" என்றார் செவிலியர். "நாவல் பழத்து மேல தப்பு இல்ல. மாத்திரையை நிறுத்தினதுதான் தப்பு."

அம்மா ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினார். இடது பக்கம் தேதி. வலது பக்கம் சர்க்கரை அளவு. ஒவ்வொரு முறை சோதித்ததும் தன் கையாலேயே எழுதினார். 286. பிறகு 214. பிறகு 168. 3 மாதம் கழித்து 122. புண் ஆறிவிட்டது. இப்போது செருப்பு இல்லாமல் அவர் அடுப்படியில்கூட நிற்பதில்லை. தினமும் இரவு படுக்கும் முன் பாதத்தைத் திருப்பிப் பார்க்கிறார்.

அடுத்த ஜூன் மாதம் வந்தது. மகன் நாவல் பழம் வாங்கி வந்தான். அம்மா ஒரு கைப்பிடி எடுத்துக்கொண்டார். நாக்கு ஊதாவானது. பிறகு இரவுச் சாப்பாட்டை முடித்து மாத்திரையையும் போட்டுக்கொண்டார்.

அதே ஆள் அந்தத் தெருவுக்கு மறுபடியும் வந்தார். பக்கத்து வீட்டுப் பெண் பொட்டலத்தைக் கையில் எடுத்தார். அம்மா வாசலுக்கு வந்தார்.

"அதுல என்ன எழுதியிருக்குன்னு முதல்ல படி மதினி" என்றார்.

நினைவில் வைப்போம்

நாவல் பழம் உணவு. அளவாகச் சாப்பிடலாம்.
மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையையோ ஊசியையோ நிறுத்தக் கூடாது.
பெயர், முகவரி, தேதி இல்லாத பொடியை வாங்கக் கூடாது.
கசக்கும் சுரைக்காயைச் சாப்பிடக் கூடாது.
சர்க்கரை அளவை நோட்டில் எழுதி வைக்க வேண்டும்.

பேசிப் பார்ப்போம்

உங்கள் தெருவில் என்னென்ன பொடிகள் விற்கிறார்கள்? பொட்டலத்தில் என்ன எழுதியிருக்கிறது?
உங்கள் வீட்டில் யாருக்காவது சர்க்கரை நோய் இருக்கிறதா? கடைசியாக எப்போது சோதித்தார்கள்? எண் என்ன?
அந்த அம்மாவின் நோட்டைப் போல நீங்களும் ஒன்று எழுதுங்கள்.